ஏழு நாள்ல ஒரு குதிரைப் படம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல 'ஸ்டேஜ்கோச்' பத்தி எழுதும்போது, 1939-ல அந்தப் படம் வர்றதுக்கு முன்னாடி, பிற்பாடு பெரிய கௌபாய் ஸ்டாரான ஜான் வெய்ன் ஒன்பது வருஷம் சின்ன பட்ஜெட் வெஸ்டர்ன் படங்கள்லயே ஓடிட்டு இருந்தார்னு போற போக்குல ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு இவ்ளோ பேர் கேள்வி அனுப்பியிருக்கீங்க, ரொம்ப சந்தோஷம், எனக்கு உயிரான சப்ஜெக்ட் இது. அதனால இந்தத் தடவை வேற எதுவும் கிடையாது. 1930-கள்ல இருந்து 1950-கள் முடியறவரைக்கும் ஹாலிவுட்ல எடுத்த சின்ன கௌபாய் படங்கள் மட்டும்தான்.

கேள்வி: பி-படம், பி-வெஸ்டர்ன்னு சொல்றீங்களே, ரெண்டாந்தரப் படம்னு அர்த்தமா? மட்டமா எடுத்த படம்னா அதை ஏன் இப்ப உக்காந்து பார்க்கணும்?

வாடகையை வெச்சுப் பாருங்க, எல்லாம் புரிஞ்சிடும். 1930-கள்ல அமெரிக்காவுல பெரும் பொருளாதார மந்தம், தியேட்டருக்கு ஆள் வரல, கூட்டத்தை இழுக்க ஒரே டிக்கெட்டுக்கு ரெண்டு படம்னு போட ஆரம்பிச்சாங்க. ஒண்ணு பெரிய ஸ்டார் நடிச்ச பெரிய படம், கூட ஓடறது சின்னப் படம், அது ஒரு மணி நேரம் ஓடினாலே போதும். பெரிய படத்துக்குத் தியேட்டர்காரர் வசூல்ல பர்சன்டேஜ் குடுக்கணும். சின்னப் படத்துக்கு அது கிடையாது, ஒரு ஃபிக்ஸட் வாடகை, குடுத்துட்டா கணக்கு முடிஞ்சுது. ஹவுஸ்ஃபுல் ஆனாலும் அதே காசு, காலியா ஓடினாலும் அதே காசு.

இப்ப தயாரிப்பாளர் இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. படம் எவ்ளோ நல்லா இருந்தாலும் வர்ற பணம் ஏறாது, ஆனா அந்தப் பணம் வந்தே தீரும்னு ஒரு உத்தரவாதம் இருக்கு. அப்ப லாபம் எங்க இருந்து வரணும்? செலவைக் குறைச்சா மட்டும்தான் வரும். நான் கீழ சொல்லப் போற அத்தனையும், ஏழு நாள் ஷூட்டிங், ஒரே பாறை, பழைய படத்து ஷாட், பாட்டுப் பாடற ஹீரோ, எல்லாமே இந்த வாடகைக் கணக்குல இருந்துதான் முளைச்சுது. அதே கணக்குக்குள்ள நின்னுக்கிட்டே சில பேர் என்னென்ன திறமை காட்டினாங்கங்கறதுதான் நான் இந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கறதுக்குக் காரணம். மட்டமான படங்களும் நிறைய உண்டு, அதை மறைக்கப் போறதில்ல. ஆனா மொத்தத்தையும் ஒரே குப்பைக் கூடையில போடறது அநியாயம்.

கேள்வி: ஏழு நாள்ல ஒரு முழுப் படம் எடுத்தாங்கன்னு படிச்சேன், நிஜமாவா? எப்படி முடிஞ்சுது?

நிஜம்தாங்க. ரிபப்ளிக்னு ஒரு கம்பெனி, ஹெர்பர்ட் யேட்ஸ்னு ஒருத்தர் 1935-ல ஆரம்பிச்சது. அவர் அடிப்படையில ஃபிலிம் கழுவிப் பிரின்ட் போடற லேப் முதலாளி. மோனோகிராம், மாஸ்காட் மாதிரி சின்னக் கம்பெனிங்க எல்லாம் அவர் லேபுக்குக் கடன் பாக்கி வெச்சிருந்தாங்க, அவங்களை எல்லாம் ஒண்ணா சேர்த்துத்தான் ரிபப்ளிக்கை உருவாக்கினார். (மோனோகிராம் ரெண்டே வருஷத்துல பிரிஞ்சு தனியாப் போயிடுச்சு.) அந்த ரிபப்ளிக்ல பிற்காலத்துல படங்களுக்குப் படிநிலை வெச்சிருந்தாங்க, கீழ்ப்படிக்கு 'ஜூபிளி'ன்னு பேர், ஏழு நாள் ஷெட்யூல், சுமார் 50,000 டாலர் செலவு, பெரும்பாலும் வெஸ்டர்ன்தான். மேல்ப்படில ஜான் ஃபோர்டு மாதிரி பெரிய டைரக்டருங்க எடுக்கற படம், 1950-ல வந்த 'ரியோ கிராண்டே' அந்தக் கம்பெனிப் படம்தான்.

எப்படி முடிஞ்சுதுன்னா, முதல்ல எதுவுமே புதுசா கட்ட மாட்டாங்க. ஒரு தெரு இருக்கும், சலூன், பேங்க், ஷெரிஃப் ஆபீஸ், குதிரை லாயம், அதே தெரு ஒரு படத்துல டெக்சாஸ், அடுத்த படத்துல அரிசோனா. ரெண்டாவது, வெளிச்சம். உள்ள எடுத்தா லைட்டிங்குக்கு நேரம் போகும், வெளிய எடுத்தா சூரியன் இலவசம், அதனாலதான் இந்தப் படங்கள்ல பாதி நேரம் யாராவது யாரையாவது குதிரைல துரத்திட்டே இருப்பாங்க. ராத்திரிக் காட்சியையும் பகல்லயே எடுத்துடுவாங்க, லென்ஸுக்கு முன்னாடி ஃபில்டர் போட்டு எக்ஸ்போஷரைக் குறைச்சுட்டா இருட்டு மாதிரி ஆயிடும். நீங்க கவனிச்சுப் பாருங்க, நடு ராத்திரின்னு வசனம் சொல்லுவாங்க, கீழ தரையில குதிரையோட நிழல் கத்தி மாதிரி கூர்மையா விழுந்திருக்கும்.

மூணாவது துரத்தல் காட்சி. ஒரு திருப்பத்துல கேமராவை நட்டு வெச்சுட்டு, கொள்ளைக்காரங்களை ஒரு தடவை ஓட விடுவாங்க, பின்னாடியே ஷெரிஃப் கூட்டத்தை ஓட விடுவாங்க, அப்புறம் கேமராவைக் கொஞ்சம் திருப்பி வெச்சு அதே ஆளுங்களை இன்னொரு பக்கமா ஓட விடுவாங்க, காலைல ஷெரிஃப் கூட்டத்துல ஓடினவங்களே மத்தியானம் தொப்பியை மாத்திக்கிட்டு கொள்ளைக் கூட்டத்துல ஓடுவாங்க, எடிட்டிங் டேபிள்ல அதை எல்லாம் மாத்தி மாத்தி ஒட்டினா எட்டு நிமிஷம் துரத்தல் ரெடி.

நாலாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1932, 33-ல வார்னர் பிரதர்ஸ் ஜான் வெய்னை வெச்சு 6 வெஸ்டர்ன் எடுத்தாங்க. கென் மேனார்டுன்னு ஒரு நடிகர், பேசாப் படக் காலத்துல பெரிய குதிரை வீரர், அவர் படங்கள்ல அட்டகாசமான மாட்டு மந்தை ஓட்டம், வண்டிப் பந்தயம் எல்லாம் பெரிய செலவுல எடுத்து வெச்சிருந்தாங்க. அந்த ஷாட்டுகளை அப்படியே எடுத்து வெய்ன் படத்துல போட்டுக்கிட்டாங்க. ஆள் மாறினது தெரியக்கூடாதுல்ல, அதனால வெய்னுக்கு மேனார்டு போட்ட மாதிரியே சட்டை, மேனார்டோட 'டார்ஸான்' குதிரை மாதிரியே ஒரு வெள்ளைக் குதிரை. அந்தக் குதிரைக்கு 'டியூக்'னு பேர். தூரத்துல ஓடறது மேனார்டு, கிட்ட வந்து நின்னு பேசறது வெய்ன். வெட்டு விழற இடத்தை மட்டும் உன்னிப்பாப் பாருங்க, புழுதியோட அடர்த்தி மாறும், அதை வெச்சே கண்டுபிடிச்சிடலாம்.

கேள்வி: எந்தப் பி-வெஸ்டர்ன் பார்த்தாலும் அந்த உருண்டைப் பாறைங்க வருதே, அது எந்த ஊரு?

பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணா இருக்கும். பாறைக்குப் பின்னாடி தூரத்துல பனி மூடின ஊசி மலைங்க தெரிஞ்சா அது கலிஃபோர்னியாவுல லோன் பைன் ஊருக்குப் பக்கத்துல இருக்கற அலபாமா ஹில்ஸ், பின்னாடி நிக்கறது சியரா நெவாடா மலைத்தொடர், விட்னி சிகரம் அங்கதான் இருக்கு. மலை இல்லாம பாறை மட்டும் நெருக்கமா இருந்தா சாட்ஸ்வொர்த்ல இருந்த ஐவர்சன் ராஞ்சா இருக்க வாய்ப்பு அதிகம், லாஸ் ஏஞ்சலஸ்க்கு ரொம்பக் கிட்ட, காலைல யூனிட் கிளம்பிப் போய் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம், தங்கற செலவு மிச்சம். ஐவர்சன் இடத்துக்கு நடுவுல பிற்பாடு ஹைவே போட்டுட்டாங்க, வீடுங்க வந்துடுச்சு. அலபாமா ஹில்ஸ் இன்னும் அப்படியே இருக்கு.

கேள்வி: ஜான் வெய்ன் மாதிரி ஒரு ஆள் ஒன்பது வருஷம் ஏன் இந்தப் படங்கள்ல மாட்டிக்கிட்டார்? அந்தக் காலம் அவருக்கு வீண்தானே?

1930-ல 'தி பிக் ட்ரெயில்'னு ஒரு பிரம்மாண்டமான படம், ஃபாக்ஸ் கம்பெனி, ராவுல் வால்ஷ் டைரக்‌ஷன், அதுல வெய்ன்தான் ஹீரோ, அப்ப அவருக்கு இருபத்தி மூணு வயசுதான். 70 எம்.எம். அகலத் திரைக்காகவும் எடுத்தாங்க, ஆனா அதைக் காட்டற வசதி இருந்த தியேட்டருங்க விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான், மந்தக் காலத்துல யாரும் புதுத் திரை வாங்கவும் தயாரா இல்ல, படம் படுத்துடுச்சு. பழி ஹீரோ மேல விழுந்துச்சு. அப்புறம் வார்னர்ல அந்த ஆறு படம், மோனோகிராம் வழியா வெளிவந்த லோன் ஸ்டார் கம்பெனிப் படங்கள் 16, ரிபப்ளிக்ல 'த்ரீ மெஸ்கிட்டியர்ஸ்' வரிசைல 8, இன்னும் மத்த படங்கள்.

வீண்னு சொல்ல என்னால முடியவே முடியாது. லோன் ஸ்டார் படங்கள்ல அவர் கூட யகீமா கனட்னு ஒருத்தர் இருந்தார், ரோடியோ (முரட்டுக் குதிரை, மாடு அடக்கற போட்டி) சாம்பியன், சண்டைக் கலைஞர், வில்லனாவும் நடிப்பார், ஹீரோவுக்கு டூப்பும் போடுவார். சில படங்கள்ல வில்லன் கனட், அவரைத் துரத்தற ஹீரோவுக்கு டூப்பும் கனட்! அதுவரைக்கும் சினிமால கைச்சண்டைன்னா தோள்லயும் மார்லயும் நிஜமாவே குத்திப்பாங்க, வலிக்கும், ஆனா பார்க்க சப்புன்னு இருக்கும். வெய்ன், கனட், டைரக்டர் ராபர்ட் பிராட்பரி மூணு பேரும் சேர்ந்து வேற மாதிரி பண்ணாங்க. கேமராவை ஒருத்தரோட தோளுக்குப் பின்னாடி வெச்சுடறது, குத்து எதிராளியோட முகத்துக்குக் கொஞ்சம் முன்னாடி காத்துல வீசிட்டுப் போகும், சரியா அந்த நொடியில அவர் தலையை வெடுக்குன்னு திருப்பணும். கோணம் சரியா இருந்தா இடைவெளி தெரியாது, தாடை பேந்துடுச்சுன்னு நினைப்போம். இன்னைக்கு உலகம் பூரா சினிமால போடற குத்து அதேதாங்க.

வெய்னோட அந்த நடை, பேச்சுல விட்டு விட்டு வர்ற அந்த நிதானம், அதுக்கெல்லாம் கனட்கிட்ட பார்த்துக் கத்துக்கிட்டதும் ஒரு காரணம்னு வெய்னே சொல்லியிருக்கார். 'ஸ்டேஜ்கோச்'ல ஓடற வண்டியோட முன் குதிரைங்க மேல தாவி, குண்டடி பட்டுக் கீழ விழுந்து, ஆறு குதிரைக் கால்களுக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் நடுவுல தரையோட தரையா படுத்துக்கிட்டு, வண்டி முழுசா மேல போற வரைக்கும் கிடப்பாரே ஒருத்தர், அது கனட். அந்த மாதிரி வித்தையை எல்லாம் அவர் பழகினது இந்தச் சின்னப் படங்கள்லதான். 1967-ல அவருக்கு ஆஸ்கர் கௌரவ விருது குடுத்தாங்க. 'பென்-ஹர்' ரதப் பந்தயம் ஞாபகம் இருக்கா, அதை வடிவமைச்சு நடத்தினதும் அவர்தான்.

கேள்வி: குதிரைங்க தலைகுப்புற விழுதே, அதைப் பார்க்கவே மனசு ஆகல. அதுங்களுக்கு அடி படலையா?

பட்டுச்சுங்க. இதை மழுப்பக்கூடாது. 'ரன்னிங் டபிள்யூ'ன்னு ஒரு முறை இருந்துச்சு, குதிரையோட முன்னங்கால்கள்ல மெல்லிசான கம்பியைக் கட்டி, சேணத்தோட பட்டையில இருக்கற வளையத்துல கோத்து, மறுமுனையை மண்ணுல புதைச்ச கட்டைல கட்டிடுவாங்க. குதிரை முழு வேகத்துல ஓடும், கம்பி நீளம் முடியற இடத்துல முன்னங்கால் ரெண்டும் இழுபட்டு அப்படியே குப்புற விழும். கால் முறிஞ்ச குதிரைங்க, கழுத்து முறிஞ்ச குதிரைங்க உண்டு. நான் இவ்ளோ பாராட்டின கனட்டும் இந்த முறையைப் பயன்படுத்தினவர்தான், அதையும் சொல்லியாகணும். சின்னப் படம் மட்டும் இல்ல, பெரிய கம்பெனிங்களும் பண்ணாங்க. 1939-ல வந்த 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' ஷூட்டிங்ல ஒரு குதிரையைப் பாறை உச்சில இருந்து தண்ணில விழ வெச்சு அது செத்துப் போச்சு, பெரிய எதிர்ப்பு கிளம்புச்சு, அதுக்கப்புறம்தான் அமெரிக்கன் ஹியூமேன் அசோசியேஷன்ங்கற விலங்கு நல அமைப்புக்கு ஷூட்டிங்கைக் கண்காணிக்கற உரிமை கிடைச்சுது. பிற்பாடு விழறதுக்குன்னே பழக்கின குதிரைங்க வந்துச்சு, கடிவாளத்தை ஒரு பக்கமா இழுத்தா பூப்போல சாயும், விழற இடத்துல மண்ணைக் கிளறி மெத்துன்னு ஆக்கி வெச்சிருப்பாங்க. 1930-கள் படத்துல முன்னங்கால் ரெண்டும் ஒரே நேரத்துல மடங்கித் தலைகீழா கவிழ்ந்தா அது பெரும்பாலும் கம்பி வேலைதான். நான் அந்த இடத்தை ஓட்டி விட்டுடுவேன்.

கேள்வி: கௌபாய் ஏன் திடீர்னு கிட்டாரை எடுத்துப் பாடறார்?

மறுபடி அதே வாடகைக் கணக்குதான். ஒரு பாட்டுங்கறது மூணு நிமிஷம், ஒரே இடத்துல கேமரா, குதிரை வேண்டாம், டூப் வேண்டாம், வெடி வேண்டாம். ஜீன் ஆட்ரி ஏற்கெனவே ரேடியோலயும் ரெக்கார்டுலயும் பேர் வாங்கினவர், 1935-ல ரிபப்ளிக் அவரை வெச்சு 'டம்ப்ளிங் டம்ப்ள்வீட்ஸ்' எடுத்தாங்க, பிச்சுக்கிட்டு ஓடுச்சு. சின்ன ஊர் ஜனங்க ரேடியோல கேட்ட குரலை நேர்ல பார்க்க வந்தாங்க. 1938-ல சம்பளத் தகராறுல ஆட்ரி ஷூட்டிங்குக்கு வராம நின்னுட்டார், யேட்ஸ் அசரல, அவருக்காக வெச்சிருந்த படத்துல லெனர்ட் ஸ்லைன்னு ஒரு பாட்டுக் குழுப் பையனைப் போட்டார், பேரை ராய் ராஜர்ஸ்னு மாத்தினார், ஒரே படத்துல இன்னொரு ஸ்டார் உருவாயிட்டார். அவரோட 'ட்ரிக்கர்' குதிரையும் பெரிய ஸ்டார். வெய்ன்கூட 1933-ல 'ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி'ல பாடற கௌபாயா வந்திருக்கார், குரல் வேற ஒருத்தரோடது. அது அவருக்குச் சுத்தமா ஒத்து வரல.

கேள்வி: செவ்விந்தியர்களை எப்பவும் வில்லனாவே காட்டினது, கறுப்பினத்தவங்களையே காட்டாதது, இதெல்லாம் உங்களுக்கு உறுத்தலையா?

உறுத்துது. நிறைய படங்கள்ல பூர்வகுடி மக்களுக்கு ஒரு முகம், ஒரு பேர்கூடக் கிடையாது, பழைய படத்துல இருந்து எடுத்த ஷாட்ல ஒரு மந்தை மாதிரி வருவாங்க, விழுவாங்க, முடிஞ்சுது. வசனம் இருக்கற வேஷம்னா வெள்ளைக்கார நடிகருக்கு மேக்கப் போட்டுடுவாங்க. ஜே சில்வர்ஹீல்ஸ் மாதிரி மோஹாக் இனத்துல பிறந்த நடிகர்கூட வருஷக்கணக்கா பேர் வராத சின்ன வேஷங்கள் பண்ணித்தான் 1949-ல டிவில 'லோன் ரேஞ்சர்'ங்கற கௌபாய் ஹீரோவுக்குத் துணையா வர்ற டோன்டோ வேஷத்துக்கு வந்தார், அங்கயும் குறைப்பட்ட இங்கிலீஷ்லதான் பேச வெச்சாங்க.

கறுப்பின கௌபாய்கள் நிஜ மேற்குல ஏகப்பட்ட பேர் இருந்தாங்க, மாடு ஓட்டினாங்க, குதிரை பழக்கினாங்க, சினிமா அவங்களைத் துடைச்சுப் போட்டுடுச்சு. ஆனா இதுக்குப் பதில் சொன்ன படங்களும் அதே காலத்துல உண்டு, அதை அவசியம் தெரிஞ்சுக்கணும். ஹெர்ப் ஜெஃப்ரீஸ்னு ஒரு பாடகர், பிற்பாடு டியூக் எலிங்டனோட ஜாஸ் இசைக்குழுல பாடினவர், தியேட்டர்ல கறுப்பினக் குழந்தைங்களும் வெள்ளைக்கார கௌபாயைத்தான் பார்க்க வேண்டியிருக்குன்னு வருத்தப்பட்டு, தயாரிப்பாளரைத் தேடிப் பிடிச்சு, 1937-ல 'ஹார்லம் ஆன் தி ப்ரெய்ரி' நடிச்சார். முழுக்க கறுப்பின நடிகர்கள். 1939-ல 'தி பிரான்ஸ் பக்கரூ' (வெண்கல கௌபாய்னு அர்த்தம்) வந்துச்சு, விக்டர்வில் பக்கத்துல கறுப்பினத்தவர் ஒருத்தருக்குச் சொந்தமான பண்ணைல எடுத்தது. இனவாரியாப் பிரிச்சு வெச்சிருந்த தியேட்டர்கள்ல ஓடுச்சு. வசனம் கொஞ்சம் தடுமாறும், சண்டை சுமார்தான், ஆனா ஜெஃப்ரீஸ் வெள்ளைத் தொப்பியோட குதிரைல வந்து இறங்கறப்ப இருக்கற அந்தத் தோரணையைப் பாருங்க.

கேள்வி: பெண் கௌபாய் ஹீரோயின் யாருமே இல்லையா?

டோரதி பேஜ் 1939-ல மூணு படம், 'தி சிங்கிங் கவ்கேர்ள்' அதுல ஒண்ணு, வரிசை அதோட நின்னு போச்சு. ரிபப்ளிக்ல 1954-ல வந்த 'ஜானி கிட்டார்'ல ஜோன் கிராஃபோர்டும் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜும் துப்பாக்கியோட எதிர் எதிரா நிப்பாங்க, அது கொஞ்சம் பெரிய பட்ஜெட், கலர் படம், கட்டாயம் பாருங்க.

கேள்வி: இந்த மாதிரி அவசரத்துல எடுக்கற படத்துல டைரக்டருக்குன்னு என்ன வேலை இருந்திருக்கும்? யார் எடுத்தாலும் ஒண்ணுதானே? ஒரே ஒரு படம் பார்க்கணும்னா எதைப் பார்க்கலாம்?

ரெண்டு கேள்வி வேற வேற ஆளுங்க அனுப்பினது, ஆனா ரெண்டுக்கும் பதில் ஒரே ஆள்தான், ஜோசப் லூயிஸ்.

1930-கள் கடைசில யுனிவர்சல் கம்பெனிக்கு இவர் பி-வெஸ்டர்ன் எடுத்தார். கதை கேவலமா இருக்கும், நடிகருங்க மரக்கட்டை மாதிரி நிப்பாங்க, மாத்த அதிகாரம் இல்ல. ஃபிரேமையாவது மாத்தலாம்னு ஒரு பெட்டி நிறைய வண்டிச் சக்கரங்களை லொகேஷனுக்குத் தூக்கிட்டுப் போவார், ஆரம் தடிச்ச சக்கரம், மெலிஞ்ச சக்கரம், சின்னது, பெருசு. ரெண்டு பேர் நின்னு சும்மா பேசற காட்சின்னா கேமராவுக்கு முன்னாடி ஒரு சக்கரத்தை வெச்சு, ஆரங்களுக்கு நடுவுல அவங்க தெரியற மாதிரி எடுத்துடுவார். 'வேகன் வீல் ஜோ'ன்னே அவருக்குப் பேர் வந்துடுச்சு. எடிட்டருங்க திட்டுவாங்க, அந்த ஷாட்டை இடையில வெட்டவே முடியாது, ஆனா படம் பார்க்கறவனுக்குக் கண்ணு அங்கயே நிக்கும். சக்கரத்துக்குச் செலவு ஒண்ணும் இல்ல.

அவரோட கடைசி சினிமா 1958-ல வந்த 'டெரர் இன் எ டெக்சாஸ் டவுன்'. பத்தே நாள், சுமார் 80,000 டாலர், கறுப்பு வெள்ளை, 80 நிமிஷம். இதைத்தான் பாருங்கன்னு சொல்லுவேன்.

படம் ஆரம்பிக்கறதே க்ளைமாக்ஸ்ல. ஊர்த் தெரு, ஒரு பக்கம் கறுப்பு உடுப்புல ஜானி க்ரேல்ங்கற துப்பாக்கிக்காரன், எதிர்ல ஒரு நெட்டையான ஆள் நடந்து வர்றான், அவன்கிட்ட துப்பாக்கி இல்ல, தோள்ல திமிங்கில வேட்டைக்காரங்க வீசற நீளமான ஈட்டி இருக்கு! டெக்சாஸ்ல, கடலே இல்லாத ஊர்ல! பின்னாடி ஊர் ஜனம் கூட்டமா வருது. அப்படியே நிறுத்திட்டுக் கதை பின்னாடி போகும். சுவீடன்ல இருந்து வந்து குடியேறின ஒரு கிழவரோட நிலத்துக்கு அடியில எண்ணெய் இருக்கு, அது மக்னீல்ங்கற பண முதலைக்குத் தெரியும், விவசாயிகளுக்குத் தெரியாது, நிலத்தைக் காலி பண்ண மாட்டேன்னு சொன்ன கிழவரை க்ரேல் சுட்டுடறான். கப்பல்ல வேலை பார்த்துட்டு வீடு திரும்பற மகன்தான் அந்த ஈட்டிக்காரன், ஸ்டெர்லிங் ஹெய்டன் நடிச்சார், நிஜ வாழ்க்கையிலயும் சின்ன வயசுல இருந்தே கடல்ல சுத்தினவர் அவர்.

ஒரு காட்சியை மட்டும் சொல்றேன், முடிவைச் சொல்ல மாட்டேன். கொலையை மிராடாங்கற மெக்சிகன் விவசாயி பார்த்துட்டார், அவரைத் தீர்த்துக்கட்ட க்ரேல் வீட்டுக்கே வர்றான். இந்த க்ரேலுக்கு வலது கை இரும்புக் கை, இடது கையால சுடுவான், அவனோட தொழிலே அடுத்தவன் பயத்துலதான் ஓடுது, எதிர்ல நிக்கறவன் நடுங்கணும், அப்பதான் இவனுக்குத் தெம்பு. மிராடா நடுங்கல. அமைதியா நேருக்கு நேர் பார்க்கறார். க்ரேல் சுடத்தான் செய்யறான், ஆனா அங்க இருந்து அவன் பழைய ஆளா திரும்பல, சாவுக்குப் பயப்படாத ஒருத்தனைப் பார்த்துட்டேங்கறது அவனை உள்ள அரிக்க ஆரம்பிச்சிடுது. சண்டை இல்ல, பாட்டு இல்ல, ஒரு அறை, நடிகருங்க நிக்கற விதம், அவ்ளோதான். அதுக்கப்புறம் அந்த இறுதித் தெருவுக்குத் திரும்பி வரும்போது ஈட்டியைப் பார்த்து ஆச்சரியம் வராது, க்ரேலோட கண்ணைத்தான் பார்ப்போம்.

இதுக்குப் பின்னாடி இன்னொரு கதை இருக்கு. திரைக்கதைல பேர் போட்டிருக்கறது பென் பெர்ரி, நிஜமா எழுதினது டால்டன் ட்ரம்போ. கம்யூனிஸ்ட் வேட்டைல அமெரிக்க நாடாளுமன்றக் கமிட்டிக்குப் பதில் சொல்ல மறுத்து ஜெயிலுக்குப் போனவர், ஹாலிவுட் கறுப்புப் பட்டியல்ல இருந்ததால சொந்தப் பேர்ல எழுத முடியாது. க்ரேலா நடிச்ச நெட்ரிக் யங்கும் அதே பட்டியல்ல இருந்தவர். ஹீரோ ஹெய்டனோ 1951-ல அதே மாதிரி கமிட்டி முன்னாடி போய் கம்யூனிஸ்ட்டுங்கன்னு சக கலைஞர்களோட பேரைச் சொல்லிட்டு, அதுக்காகக் காலம் பூரா வருத்தப்பட்டவர், தன்னோட சுயசரிதையிலயே எழுதியிருக்கார். பேர் சொன்னவரும் பேரை இழந்தவங்களும் சேர்ந்து, பயத்தை வெச்சு ஊரை ஆளற ஒருத்தனைப் பத்திப் படம் எடுத்திருக்காங்க. பெரிய பட்ஜெட் படமா இருந்தா பத்துப் பேர் கண்ணு வெச்சிருப்பாங்க, இந்த ஆளுங்களை உள்ளயே விட்டிருக்க மாட்டாங்க. பத்து நாள் படத்தை யாரும் எட்டிப் பார்க்கல.

(ரெண்டாவதா ஒரு படம் வேணும்னா பட் பெட்டிகர் டைரக்ட் பண்ண 'ரைட் லோன்சம்', 1959, ராண்டால்ஃப் ஸ்காட் நடிச்சது, அதே அலபாமா ஹில்ஸ், 73 நிமிஷத்துல ஒரு ஷாட்கூட மிகை கிடையாது.)

கேள்வி: அப்புறம் ஏன் நின்னு போச்சு?

1948-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்குல தீர்ப்பு சொல்லுச்சு, பெரிய படம் வேணும்னா கூடவே இந்த நாலு சின்னப் படத்தையும் எடுத்துக்கணும்னு கட்டித் தள்ளறது செல்லாது, பெரிய ஸ்டுடியோங்க தியேட்டர் வெச்சிருக்கவும் கூடாதுன்னு. அந்த உத்தரவாத வாடகை ஆட்டம் கண்டுடுச்சு. கூடவே டிவி. 'ஹோப்பலாங் கேசிடி'ங்கற கௌபாயா நடிச்ச வில்லியம் பாய்டு இருந்ததை எல்லாம் வித்துத் தன்னோட பழைய படங்களோட உரிமையை வாங்கினார், 1949-ல என்.பி.சி. டிவில போட்டாங்க, நாடு பூரா குழந்தைங்க பைத்தியமா ஆயிட்டாங்க, மனுஷன் கோடீஸ்வரர் ஆயிட்டார். அதைப் பார்த்து ரிபப்ளிக்கும் பழைய படங்களை டிவிக்கு விக்கக் கிளம்புச்சு, அதைத் தடுக்க ராய் ராஜர்ஸும் ஆட்ரியும் தனித்தனியா கேஸ் போட்டாங்க, கீழ்க் கோர்ட்டுல ராஜர்ஸ் ஜெயிச்சார், 1954-ல அப்பீல்ல ரெண்டு பேருமே தோத்தாங்க. காசு குடுத்துத் தியேட்டர்ல பார்த்ததே வீட்டுல இலவசமா ஓடும்போது யார் போவாங்க? டிவிக்குன்னே அரை மணி நேர வெஸ்டர்ன்கள் வந்துச்சு, அதே தெரு, அதே பாறை, நிறைய இடத்துல அதே டைரக்டருங்க. நம்ம லூயிஸும் 'தி ரைஃபிள்மேன்' எபிசோடுகள் எடுக்கப் போயிட்டார். 1950-கள் முடியறதுக்குள்ள ரிபப்ளிக் படத் தயாரிப்பை நிறுத்திடுச்சு.

கேள்வி: இதை எல்லாம் இப்ப எங்க பார்க்கறது?

1930-கள் படங்கள் நிறைய இணையத்துலயே சட்டப்படி இலவசமா கிடைக்குது. அப்ப இருந்த அமெரிக்கச் சட்டப்படி 28 வருஷம் கழிச்சு காப்பிரைட்டைப் புதுப்பிக்கணும், சின்னக் கம்பெனிங்க மூடிட்டதால பல படங்களுக்கு யாரும் புதுப்பிக்கல, வெய்னோட லோன் ஸ்டார் படங்கள் பலதும் அப்படி வந்ததுதான். ஆனா ஒரு எச்சரிக்கை. அந்தப் படங்கள்ல பின்னணி இசை ரொம்பக் கம்மி, அது போரடிக்கும்னு நினைச்சு 1980-கள்ல வீடியோவுக்காக யாரோ சின்தசைசர் இசையைச் சேர்த்துட்டாங்க, துரத்தல் காட்சில கீபோர்டு சத்தம் கேட்டா உடனே நிறுத்திட்டு வேற பிரின்ட் தேடுங்க. ரொம்பக் கம்மியான நேரம் ஓடற பிரின்ட்டா இருந்தா நடுவுல வெட்டியிருக்காங்களான்னும் பார்த்துக்கோங்க. 'டெரர் இன் எ டெக்சாஸ் டவுன்' மட்டும் நல்ல டிஸ்க்ல பாருங்க, மங்கின காப்பியில லூயிஸோட ஃபிரேமிங் எல்லாம் செத்துடும்.

வாராவாரம் ஒரு எபிசோடா தியேட்டர்ல போட்ட சீரியல்கள், முகமூடி ஹீரோக்கள் பத்திக் கேட்டவங்களுக்கு அடுத்த இதழ்ல பதில் சொல்றேன், அது தனியா ஒரு இதழுக்கே வரும்.